பூமியின் வெப்பக் கணக்கு: பசுமைக்குடில் விளைவைக் கால்குலேட்டரும் வெப்பமானியும் கொண்டு நீங்களே சரிபார்க்கும் வழி

பூமியின் தரைமட்டச் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ். சூரியனிடமிருந்து கிடைக்கும் ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அது மைனஸ் 18 டிகிரியை ஒட்டி வர வேண்டும். நடுவில் உள்ள 33 டிகிரிதான் பசுமைக்குடில் விளைவு. இதை "வெப்பத்தைப் பிடித்து வைக்கும் போர்வை" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கத்தை நம்பி மேலே போனால், கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட ஏன் சூடு ஏறுகிறது என்ற கேள்வியில் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். வெப்பம் எந்த உயரத்திலிருந்து விண்வெளிக்குத் தப்புகிறது, அந்த உயரத்தில் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

கணக்குகளுக்கு வர்க்கமூலப் பொத்தானும், படி 5-க்கு மட்டும் ln பொத்தானும் உள்ள கால்குலேட்டர் போதும். கடைசியில் வரும் அளவீடுகளுக்குத்தான் கருவிகள் தேவைப்படும்.

படி 1: வரவைக் கணக்கிடுங்கள்

வளிமண்டலத்தின் உச்சியில், சூரியனுக்கு நேராகப் பிடித்த 1 சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் 1361 வாட். ஆனால் பூமி ஒரு கோளம். சூரிய ஒளியை மறிப்பது வட்டமான நிழல் அளவுக்கான பரப்பு மட்டுமே. கோளத்தின் மொத்தப் பரப்போ அந்த வட்டத்தைப் போல 4 மடங்கு. ஆகவே 1361-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும்: சதுர மீட்டருக்குச் சராசரியாக 340 வாட். இரவு, பகல், துருவம், நிலநடுக்கோடு எல்லாம் இதில் அடங்கிவிட்டன.

இதில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மேகங்களும் பனியும் மணலும் காற்றும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சம் 70 சதவீதம், அதாவது 238 வாட். பூமி உண்மையில் பெறுவது இதைத்தான்.

படி 2: செலவிலிருந்து வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள்

வெப்பநிலை உள்ள எந்தப் பொருளும் கதிர்வீசும். வீசும் அளவு, கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸோடு 273.15-ஐக் கூட்டியது) நான்காம் படிக்கு, அதாவது அந்த எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கினால் வருவதற்கு, ஏற்ப உயரும். இதுதான் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டாமல் இருக்க ஓர் எளிய வடிவம் இருக்கிறது: கெல்வின் வெப்பநிலையை 100-ஆல் வகுத்து, அதன் நான்காம் படியை 5.67-ஆல் பெருக்குங்கள். விடை சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று வரும்.

நமக்குத் தேவை இதன் தலைகீழ். 238-ஐ 5.67-ஆல் வகுத்தால் 42. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள்: முதலில் 6.48, பிறகு 2.546. நூறால் பெருக்கினால் 254.6 கெல்வின். அதிலிருந்து 273.15-ஐக் கழித்தால் மைனஸ் 18.5 டிகிரி செல்சியஸ்.

இந்த இரண்டு படிகளில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. 4-ஆல் வகுக்க மறந்தால் 87 டிகிரி வரும். அபத்தம் என்று உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது "பூமியில் பாதிதானே பகல்" என்று 2-ஆல் வகுப்பது. அப்போது சுமார் 30 டிகிரி வரும். பார்க்க நம்பும்படி இருக்கும். இந்த விடையை வைத்துக்கொண்டு "பசுமைக்குடில் விளைவே தேவையில்லை" என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். பகல் பக்கத்திலும் வெயில் நேராக விழுவது ஒரு புள்ளியில்தான், மற்ற இடங்களில் சாய்ந்தே விழுகிறது என்பதும், இரவுப் பக்கமும் கதிர்வீசுகிறது என்பதும் இதில் விட்டுப்போகின்றன. திருப்பி அனுப்பும் 30 சதவீதத்தைக் கழிக்காமல் விட்டால் 5 டிகிரி வரும். செல்சியஸை அப்படியே சூத்திரத்தில் போட்டால் எந்த அர்த்தமும் இல்லாத சிறு எண் கிடைக்கும்.

இப்போது தரையின் பக்கத்தைப் பாருங்கள். 15 டிகிரி என்றால் 288 கெல்வின். 2.88-இன் நான்காம் படி 68.8, 5.67-ஆல் பெருக்கினால் 390 வாட். வரவு 238, தரை வீசுவதோ 390. இந்த முரணைத் தீர்ப்பதுதான் வளிமண்டலத்தின் வேலை.

படி 3: எந்த வாயு, எந்த அலைநீளம்

2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், ஒரு பொருள் அதிகமாகக் கதிர்வீசும் அலைநீளம் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். சூரியனின் மேற்பரப்பு 5772 கெல்வின்: அரை மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளி. பூமி 288 கெல்வின்: 10 மைக்ரான், அகச்சிவப்பு. வரும் ஆற்றலும் போகும் ஆற்றலும் ஒன்றோடொன்று கலக்காத இரு வேறு அலைநீளங்களில் பயணிக்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றை மறிக்கும் வாயு இருக்க முடிவதே இதனால்தான்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இவற்றின் மூலக்கூறுகளில் ஒரே வகை அணுக்கள் இரண்டு. எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்வதில்லை. அதனால் அகச்சிவப்புக் கதிருக்கு அவற்றைப் பிடித்து ஆட்டும் பிடி கிடையாது. ஒற்றை அணுவாகத் திரியும் ஆர்கானும் அப்படியே. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு வளைந்து அதிரும்போது அந்தச் சமநிலை குலைகிறது; 15 மைக்ரானைச் சுற்றியுள்ள கதிரை அது விழுங்குகிறது. நீராவி இன்னும் பரந்த அலைநீளங்களில் வேலை செய்கிறது. 8 முதல் 12 மைக்ரான் வரையிலான பகுதி மட்டும் பெரும்பாலும் திறந்த சன்னல். அதன் நடுவிலும் 9.6 மைக்ரானில் ஓசோன் ஒரு கோடு போடுகிறது.

கதிரை விழுங்கிய மூலக்கூறு அதை உடனே திருப்பி வீசிவிடுகிறது என்று பல விளக்கங்களில் பார்க்கலாம். தரைக்கு அருகே அப்படி நடப்பது அரிது. ஒரு மூலக்கூறு நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. விழுங்கிய ஆற்றல் பெரும்பாலும் மோதலில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் போய், காற்று மொத்தமும் சூடாகிறது. கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வீசும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்துக் காற்றின் வெப்பநிலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படி 5 முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

படி 4: தரையின் கணக்கைச் சமன்செய்யுங்கள்

எண்கள் சதுர மீட்டருக்கு வாட் கணக்கில், முழு எண்ணாக்கியவை.

தரைக்கு வரவு: சூரிய ஒளி 160, வளிமண்டலம் கீழ்நோக்கி வீசும் அகச்சிவப்பு 340. மொத்தம் 500.

தரையின் செலவு: மேல்நோக்கி வீசும் அகச்சிவப்பு 398, நீர் ஆவியாவதில் போவது 82, சூடான காற்று மேலெழுவதில் போவது 20. மொத்தம் 500.

(தரை வீச்சு படி 2-இல் 390 என்று வந்தது, இங்கே 398. சராசரி வெப்பநிலையின் நான்காம் படி வேறு, இடத்துக்கு இடம் மாறும் வெப்பநிலைகளின் நான்காம் படிகளின் சராசரி வேறு. இரண்டாவது எப்போதும் பெரிது.)

சூரியன் நேரடியாகத் தருவதைப் போல இரு மடங்குக்கு மேல் வளிமண்டலம் தரைக்குத் தருகிறது. இது இலவசமாக முளைத்த ஆற்றல் அல்ல. தரை மேலே அனுப்பியதும், சூரிய ஒளியில் காற்று நேரடியாக விழுங்கிய 80 வாட்டும்தான் இந்த 340-க்கு முதல்.

ஆவியாதலுக்கான 82 எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே தோராயமாகச் சரிபார்க்கலாம். உலகச் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர். பெய்த அளவு முன்பே ஆவியாகியிருக்க வேண்டும். 1 சதுர மீட்டரில் 1 மீட்டர் உயர நீர் என்றால் 1000 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 25 லட்சம் ஜூல். ஆக 250 கோடி ஜூல். ஆண்டுக்கு 3.15 கோடி நொடிகள். வகுத்தால் 79 வாட். மழைமானி கொண்டு வெப்ப ஓட்டத்தை அளந்த மாதிரிதான். இவ்வளவு நெருங்கி வருவது இந்தக் கணக்கின் அழகு.

வெப்பக்கடத்தலை ஏன் பட்டியலில் காணோம்? காற்றின் வெப்பங்கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.026 வாட். உயரே போகப்போகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது என்றால் கடத்தலால் நகரும் வெப்பம் 0.00017 வாட். ஒன்றுமே இல்லை. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்தில்தான் கடத்தலுக்கு வேலை. அதற்கு மேல் வெப்பச்சலனமும் கதிர்வீச்சும்தான்.

படி 5: வெளியேறும் உயரம்

பாடத்தில் வரும் எளிய மாதிரி, வளிமண்டலத்தை ஒரே தகடாக எடுத்துக்கொள்ளும். ஒளியை முழுதாக விட்டு அகச்சிவப்பை முழுதாக விழுங்கும் தகடு என்றால் தரை வெப்பநிலை 254.6-ஐப் போல 1.189 மடங்கு: சுமார் 303 கெல்வின், 30 டிகிரி. நிஜத்தைவிட அதிகம், ஏனென்றால் சன்னல் பகுதி திறந்திருக்கிறது; வெப்பச்சலனமும் தரையைக் குளிர்விக்கிறது. தகடு 78 சதவீதம் மட்டும் விழுங்குவதாக மாற்றினால் 288 கெல்வின் சரியாக வந்துவிடும். ஆனால் இதோடு நிற்கக் கூடாது. தகடு ஏற்கெனவே முழுதாக விழுங்கினால், மேலும் வாயு சேர்த்து என்ன ஆகப்போகிறது? 1900-இல் ஸ்வீடன் இயற்பியலாளர் குனுட் ஆங்ஸ்ட்ரோம் குழாயில் செய்த ஆய்வு இந்த முடிவுக்குத்தான் கொண்டுபோனது: கார்பன் டை ஆக்சைடின் அளவைக் கூட்டிக் குறைத்தும் விழுங்கல் அதிகம் மாறவில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடேறும் என்று 1896-இல் ஸ்வீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அரேனியஸ் போட்ட கணக்கு பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்டதற்கு இது ஒரு காரணம்.

15 மைக்ரானின் மையத்தில், தரைக்கு அருகே, கதிர் சில மீட்டருக்குள் விழுங்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் பூமியின் வெப்பம் தீர்மானமாவது தரைக்கு அருகே அல்ல. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. ஏதோ ஓர் உயரத்தில், மேலே உள்ள வாயு போதாமல், வீசப்படும் கதிர் தடையின்றி விண்வெளிக்குப் போகிறது. அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலைதான் செலவைத் தீர்மானிக்கிறது. அலைநீளத்துக்கு அலைநீளம் உயரம் மாறும். சராசரியை இப்படி எடுக்கலாம்: 33 டிகிரியைக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரியால் வகுத்தால் சுமார் 5 கிலோமீட்டர்.

இப்போது வாயுவைக் கூட்டுங்கள். வெளியேறும் உயரம் மேலே ஏறுகிறது. அங்கே காற்று இன்னும் குளிர்ச்சி. குளிர்ந்த காற்று குறைவாக வீசும். வரவு மாறவில்லை, செலவு குறைந்துவிட்டது. மிச்சம் சேர்ந்து கீழே எல்லாம் சூடேறும், புதிய உயரத்திலும் காற்று பழைய 255 கெல்வினை எட்டும்வரை.

எண்ணில் பார்ப்போம். கார்பன் டை ஆக்சைடு மாற்றத்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதற்கு நடைமுறைச் சூத்திரம் உண்டு: புதிய அளவைப் பழைய அளவால் வகுத்து, அதன் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) 5.35-ஆல் பெருக்க வேண்டும். இரட்டிப்பு என்றால் 0.693 பெருக்கல் 5.35: 3.7 வாட். 255 கெல்வினுக்கு அருகே ஒரு டிகிரி ஏறினால் வீச்சு 3.74 வாட் கூடும் (4 பெருக்கல் 5.67 பெருக்கல் 2.546-இன் மூன்றாம் படி, வகுத்தல் 100). ஆக இரட்டிப்புக்கு நேரடி விளைவு ஏறத்தாழ 1 டிகிரி. உயரக் கணக்கில் சுமார் 150 மீட்டர்.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 420-ஐ 280-ஆல் வகுத்தால் 1.5, இயல் மடக்கை 0.405, விளைவு 2.2 வாட். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ப்பது தனி.

அந்த 1 டிகிரி, கடைசி விடை அல்ல. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். நீராவியும் பசுமைக்குடில் வாயு. பனி உருகினால் திருப்பி அனுப்பும் பங்கு குறையும். மேகங்களின் மாற்றமும் சேரும். எல்லாவற்றையும் சேர்த்து 2021-இல் வெளியான ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) மதிப்பீடு, இரட்டிப்புக்கு 3 டிகிரி என்பதைச் சிறந்த மதிப்பாகவும், 2.5 முதல் 4 வரை வாய்ப்புள்ள வரம்பாகவும் வைத்தது. "நீராவிதான் பெரிய பசுமைக்குடில் வாயு, கார்பன் டை ஆக்சைடுக்கு ஏன் இத்தனை கவலை" என்ற கேள்விக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. நீராவி குளிர்ந்தால் சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். அதன் அளவை வெப்பநிலை ஆட்டிவைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு பூமியின் எந்த வெப்பநிலையிலும் மழையாகப் பெய்வதில்லை.

சூரியன் பிரகாசமாவதால் சூடேறுகிறதா, வாயுவாலா என்று பிரித்தறியவும் உயரமே உதவுகிறது. சூரியன் காரணம் என்றால் மேலடுக்கும் சூடாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காரணம் என்றால் அந்த மேலடுக்கு, அதாவது ஸ்ட்ராடோஸ்பியர், குளிர வேண்டும், ஏனென்றால் அங்கே கூடுதல் வாயு கூடுதலாக விண்வெளிக்கு வீசுகிறது. காலநிலை அறிவியலாளர்கள் மனாபேயும் வெதரால்டும் 1967-இல் கணக்கிட்டுச் சொன்னது இந்தக் குளிர்ச்சியை. செயற்கைக்கோள்கள் பின்னர் அளந்ததும் இதையே. ஓசோன் குறைந்ததற்கும் இந்தக் குளிர்ச்சியில் பங்கு உண்டு என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

படி 6: வானத்தின் வெப்பத்தை அளந்து பாருங்கள்

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று தேவை. மைனஸ் 50 டிகிரி வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். உடல் காய்ச்சல் பார்க்கும் வகை உதவாது, அதன் வரம்பு மிகக் குறுகியது. கருவியை 20 நிமிடம் வெளியே வைத்து, காற்றின் வெப்பநிலைக்கு வரவிடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் சில அளவீடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சூரியன் மறைந்து 2 மணி நேரம் கழித்து, சுவரும் மரமும் பார்வையில் படாத இடத்தில், உச்சி வானத்தை நோக்கி 5 முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு அடிவானத்திலிருந்து 60 டிகிரி, 30 டிகிரி கோணங்களில் அளந்து பாருங்கள். 30 டிகிரியில் கதிர் வரும் பாதையில் காற்று இரு மடங்கு. அளவீடு உச்சியைவிட உயர்ந்து நிற்கும். மேகம் வந்தால் எண் சட்டென்று ஏறும். வறண்ட இரவில் உச்சி வானம் தரையைவிடப் பல பத்து டிகிரி குளிர்ச்சியாகத் தெரியும், ஈரமான இரவில் இடைவெளி சுருங்கும். வானம் கீழ்நோக்கி வீசுவதை இப்படி உங்கள் கையாலேயே அளந்துவிடலாம். பகலில் செய்தால் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

இந்த எண்ணை ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் சூத்திரத்தில் போட்டு 340 வாட்டோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். மைனஸ் 20 டிகிரிக்கு 232 வாட்தான் வரும். கருவி பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான், அதாவது பெரும்பாலும் சன்னல் பகுதி. வானம் மிகக் குறைவாக வீசும் இடத்தை மட்டும் அது பார்க்கிறது. கார்பன் டை ஆக்சைடின் 15 மைக்ரான் பட்டை பெரும்பாலும் அதன் பார்வைக்கு வெளியே. எண்ணின் சரியான மதிப்பைவிட வேறுபாடுகளையே நம்புங்கள்.

படி 7: இரவுத் தகடுச் சோதனை

20 சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தகடு 3, பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம், 5 சென்டிமீட்டர் தடிமன் தெர்மோகோல், தகட்டின் அடியில் ஒட்ட உணரி கொண்ட வெப்பமானி 3, காற்றை அளக்க இன்னொன்று. தகடுகளைத் தெர்மோகோல் பெட்டிகளுக்குள் வையுங்கள். தகட்டுக்கு மேல் 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, முதல் பெட்டியை மெல்லிய தெளிந்த பாலித்தீன் தாளால் மூடுங்கள். இரண்டாவதைக் கண்ணாடியால். மூன்றாவதைப் பாலித்தீனால் மூடி, அரை மீட்டர் உயரத்தில் அட்டைக் கூரை போடுங்கள்.

பாலித்தீன் அகச்சிவப்பைப் பெருமளவு விடும், கண்ணாடி விடாது. காற்று வீச்சை இரண்டுமே தடுக்கும். தெளிவான இரவில் முதல் தகடு காற்றைவிடக் குளிர்ந்து கீழே போகும். கண்ணாடிக்கு அடியில் உள்ளது அவ்வளவு இறங்காது. கூரைக்கு அடியில் உள்ளது காற்றை ஒட்டியே நிற்கும்.

வித்தியாசம் வராவிட்டால் முதலில் தாளைச் சந்தேகியுங்கள். உணவு சுற்றும் தாள்களில் சில பிவிசி. அது அகச்சிவப்பை விழுங்கும். அடுத்து பனித்துளி: தாளின் மேல் நீர்ப்படலம் படிந்தால் பாலித்தீன் கண்ணாடியைப் போல ஆகிவிடும், படியும் நீர் தன் உள்ளுறை வெப்பத்தை வேறு விடும். அந்த நிமிடத்தைக் குறித்துவைத்து, அதற்கு முந்தைய எண்களை மட்டும் எடுங்கள். இதே பெட்டிகளைப் பகலில் வெயிலில் வைத்தால் இரண்டு மூடிகளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது; அப்போது முதன்மை வேலை சூடான காற்று தப்பாமல் தடுப்பது.

வினிகரும் சமையல் சோடாவும் கலந்து, இரண்டு பாட்டில்களை விளக்கடியில் வைக்கும் பிரபலமான சோதனையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வேதிவினை வெப்பத்தை உறிஞ்சும். விளக்கின் தூரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் விடை மாறும். எல்லாம் சரியாக அமைந்து கார்பன் டை ஆக்சைடு பாட்டில் சூடானாலும், பெரும்பாலும் காரணம் அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியாக இருப்பதால் சலனம் தடைபடுவது. அகச்சிவப்பைத் தொடாத ஆர்கானும் அதே அளவு சூட்டைக் காட்டும். சில சென்டிமீட்டர் வாயுவில் 5 கிலோமீட்டர் உயரக் கதையைக் காட்ட வழியில்லை.

படி 8: வெள்ளியும் செவ்வாயும்

உங்கள் கணக்கு பிடிபட்டதா என்று பார்க்க இரண்டு கோள்கள். வெள்ளிக்கு 2601 வாட், திருப்பி அனுப்புவது 76 சதவீதம்: மைனஸ் 44 டிகிரி வரும். அளந்த தரை வெப்பநிலை 464. வெப்பம் வெளியேறுவது 60 முதல் 70 கிலோமீட்டர் உயர மேக உச்சியிலிருந்து. கிலோமீட்டருக்குச் சுமார் 8 டிகிரி என்று வைத்துப் பெருக்கினால் அந்த 500 டிகிரி கிடைத்துவிடும்.

செவ்வாய்க்கு 586 வாட், 25 சதவீதம்: மைனஸ் 63 டிகிரி. உண்மையான சராசரி இதிலிருந்து சில டிகிரிதான் விலகுகிறது. ஆனால் செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் சுமார் 150 கிலோ. பூமியில் 7 கிலோகூட இல்லை. இருபது மடங்குக்கு மேல் வாயு இருந்தும் வெப்பம் இல்லாததற்குக் காரணம் குறைந்த காற்றழுத்தம்; அது பூமியின் அழுத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மோதல்கள் குறைந்ததால் மூலக்கூறு விழுங்கும் ஒவ்வொரு கோடும், அதாவது ஒவ்வோர் அலைநீளக் கீற்றும், ஊசிபோல் குறுகிக் கிடக்கிறது. கோடுகளுக்கு இடையில் கதிர் தாராளமாகத் தப்புகிறது. இடைவெளியை அடைக்க நீராவியும் அங்கே இல்லை.